கடைசிக் குச்சி தங்கோ

1

இந்தக் கதை எனக்கு ஒரு தின்பண்டப் பெட்டியிலிருந்து கிடைத்தது. கௌரவமான பிறப்பு இல்லைதான். ஒரு தயாரிப்பாளரின் வாழ்க்கையையும் தொழிலையும் எழுதப்போகிறேன் என்று சொல்லிவிட்டு இனிப்புப் பெட்டியைத் திறந்தால் உங்களுக்குச் சந்தேகம் வரும். வரட்டும். எனக்கும் வந்ததால்தான் இத்தனை நாள் இதை எழுதாமல் வைத்திருந்தேன்.

மேற்குத் தோக்கியோவில், சுகினமி பகுதியில், ரயில் பாதையை ஒட்டி எங்கள் அனிமேஷன் ஸ்டூடியோ. வண்ணப் பிரிவில் எனக்கு வேலை. ஒரு மே மாதப் பிற்பகலில் எங்கள் தயாரிப்பாளர் ஹிபினோ சிசாதோ ஒரு பெட்டியோடு உள்ளே வந்து, அறை நடுவே இருந்த பெரிய மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே மிதராஷி தங்கோ. அரிசிமாவு உருண்டைகளைக் குச்சியில் கோத்துச் சுட்டு, சோயாவும் சர்க்கரையும் காய்ச்சிய பாகை மேலே ஊற்றியது. பாகு பெட்டியின் ஓரம்வரை வழிந்திருந்தது.

அறையில் பென்சில்கள் நின்றன.

ஏன் என்று சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். நாங்கள் இன்னும் காகிதத்தில் பென்சிலால் வரைகிற ஸ்டூடியோ. அப்படிப்பட்ட இடத்துக்குத் தின்பண்டம் வாங்கி வருகிறவருக்கு ஒரு விதி உண்டு: கையில் ஒட்டக் கூடாது, எண்ணெய் படக் கூடாது, தூள் உதிரக் கூடாது. அது தெரியாதவர்கள் புதிதாய்ப் பணம் போட வருகிறவர்கள் மட்டும்தான். அவர்கள் சாக்லேட் பூசிய எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள்; நாங்களும் குனிந்து வணங்கி வாங்கி, ஃப்ரிட்ஜில் வைத்து, வேலை முடிந்தபின் தின்போம்.

ஹிபினோ அப்படி இல்லை. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் வாங்கி வந்ததெல்லாம் குச்சி செருகிய சின்ன சாண்ட்விச், காகிதத்தில் சுற்றிய கேக் துண்டு, உரித்தால் கையில் படாத வாழைப்பழம். விதியை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். கோயில் பூசாரி செருப்புக் காலோடு கருவறைக்குள் வந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது எங்களுக்கு.

2

எங்கே தொடங்குவது என்று பலமுறை முயன்றேன். கிழித்ததை மறைக்க விருப்பமில்லை.

முதல் தொடக்கம்: “பனி கூரையை அமுக்கும் நீகதா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், குளியல் தொட்டி விற்பவரின் இரண்டாவது மகளாக ஹிபினோ சிசாதோ—”

வேண்டாம். இந்தப் பனியை நான் அள்ளி முடிப்பதற்குள் நீங்கள் எழுந்து காபி போடப் போய்விடுவீர்கள்.

இரண்டாவது: “விருது மேடையில் விளக்குகள் எரிந்தபோது இயக்குநருக்குப் பின்னால், திரைச்சீலை ஓரமாக—”

இதுவும் வேண்டாம். தயாரிப்பாளரை ஓரத்தில் நிற்கவைத்து அவர் தியாகத்துக்குக் கண்ணீர் விடுவது சுலபம். அந்த அம்மாள் தியாகி இல்லை. பிடிவாதக்காரி.

மூன்றாவது: “இருபத்து நான்கு வயது ஹிபினோ ஒரு வீட்டு வாசலில் நின்று மின்சார மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.”

இது நிற்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன். [இளம் வயது ஹிபினோவை மட்டும் ‘அவள்’ என்று எழுதுவேன். பிந்தியவரை அப்படி எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. எனக்குச் சம்பளம் போட்டவர்.]

அப்போது அவள் வேறொரு ஸ்டூடியோவில் எடுபிடி. ஓவியர்கள் வீடுவீடாக வேன் ஓட்டிப் போய், வரைந்து முடித்த காகிதங்களை வாங்கி வர வேண்டும். வாங்காமல் திரும்பினால் திட்டு. குருசு என்று ஒரு ஓவியர். கை தேவதைக் கை, குணம் கல்லுளிமங்கன் குணம். வாங்க ஆள் வந்தால் விளக்கை அணைத்துவிட்டு வீட்டில் இல்லாதவர்போல் இருப்பார். ஹிபினோ கதவைத் தட்டவில்லை. தபால் துளையருகே குனிந்து, அந்த ஊர் வழக்கப்படி பெயரோடு மரியாதைக்கு ஒரு ‘சான்’ சேர்த்துப் பேசினாள்.

“குருசு-சான், நான் கத்த மாட்டேன். பக்கத்து வீட்டம்மா ஏற்கெனவே நான் உங்ககிட்ட ஜீவனாம்சம் கேட்டு வர்றேன்னு நினைச்சிட்டிருக்காங்க.”

நிமிர்ந்து மீட்டரைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

“மீட்டர் இந்த ஓட்டம் ஓடுது. வெறும் ஃப்ரிட்ஜுக்கு இப்படி ஓடாது.”

“பழைய ஃப்ரிட்ஜ்,” என்றது கதவு.

அவள் சிரித்துவிட்டாள். கதவு திறந்தது. மேசையில் ஒரு குதிரை ஓடும் காட்சி. அவள் கண்ணுக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. “இது முடிஞ்சுதானே இருக்கு?” என்றாள்.

குருசுவின் முகம் மாறியது. “யாரு வேணா அந்த வார்த்தையைச் சொல்லட்டும். எடுத்துட்டுப் போக வந்தவ சொல்லாத. நீ சொன்னா அதுல உன் வண்டி நிக்குது, உன் மேனேஜர் நிக்கிறான், படம் நிக்கல.”

அவள் அதை மனத்தில் வாங்கிக்கொண்டாள். கோபக்காரர்கள் சொல்வதில் சரியானது எது என்று பிரிக்கத் தெரிந்தவள். “சரி. நீங்க சொல்ற வரைக்கும் ‘முடிஞ்சது’ங்கற வார்த்தை என் வாயில வராது. இன்னிக்கு மட்டும் இல்ல, எப்பவுமே.” வாசற்படியில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த சாண்ட்விச்சைப் பிரித்தாள். பாதியைக் குச்சியோடு அவரிடம் நீட்டினாள், கையில் ஒட்டாதபடி. அன்று மாலை குதிரையோடுதான் திரும்பினாள்.*

அந்த வாசற்படியில்தான் அவர் தயாரிப்பாளர் ஆனார் என்பேன். பின்னால் குருசு இயக்குநரானார். ஹிபினோ அவருக்காகவே ஒரு ஸ்டூடியோ தொடங்கினார். சேர்ந்து நான்கு படங்கள். ஒவ்வொரு படத்திலும் கடைசி நேரத்தில் குருசு பென்சிலைக் கீழே வைத்து “முடிஞ்சது” என்பார். அதுவரை ஹிபினோ அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. டெலிபோனில் பீட்சா கடைக்காரனிடம்கூட “அவ்வளவுதான்” என்றுதான் சொல்வார். இந்த மனிதர்கள் இருவருக்கும் நடுவில் இருந்த ஒரே ஒப்பந்தம் அது.

* கதவுக்குப் பின்னால் நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். வருடக் கடைசி விருந்தில் இருவரும் இதை மாறி மாறிச் சொல்வார்கள். குருசு சொல்லும்போது அதில் ஃப்ரிட்ஜ் இருக்காது. நான் ஹிபினோ பக்கம்.

3

ஐந்தாவது படம் ஒரு படகைப் பற்றியது. உள்நாட்டுக் கடலில் இரண்டு தீவுகளுக்கு நடுவே ஓடும் படகு. பாலம் கட்டி முடித்துவிட்டார்கள், நாளைமுதல் படகு கிடையாது. கடைசி ஓட்டம். துறையில் ஒரு சிறுமி நிற்கிறாள். அக்கரையில் அவளை விட்டுப்போன அப்பா. ஏறுவாளா, மாட்டாளா?

குருசு முழு ஸ்டோரிபோர்டையும், அதாவது கதையைக் காட்சி காட்சியாகக் காட்டும் முன்வரைவை, வரைந்துவிட்டுப் படத்தைத் தொடங்குகிறவர் இல்லை. முன்பகுதியை நாங்கள் வரைந்துகொண்டிருக்கும்போதே பின்பகுதி துண்டு துண்டாக வரும். எங்கள் தொழிலில் இது அதிசயமில்லை. உலை கொதிக்கும்போதே இலை போட்டுவிடுகிற பந்தி. ஆனால் இந்தமுறை உலையே ஏறவில்லை. முதலில் சிறுமி படகில் ஏறினாள். குருசு கிழித்தார். பிறகு ஏறாமல் திரும்பி நடந்தாள். அதையும் கிழித்தார். பிறகு அவள் ஒரு காலைத் தூக்கினாள். அதோடு நின்றது.

தூக்கிய கால். கீழே துறைக்கும் படகுக்கும் நடுவே ஒரு கை அகலம் கறுப்புத் தண்ணீர். ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்று நம் ஊரில் சொல்வோமே, அது. குருசு அந்தக் காலை மறுபடி மறுபடி வரைந்தார். காலையில் வரைந்ததை மத்தியானம் நிராகரித்தார். அவர் மாற்றும் ஒவ்வொரு கோட்டுக்கும் நிஷிவாகி திருத்த வேண்டும். நிஷிவாகி எங்கள் ஓவியத் தலைவி. எல்லார் வரைந்ததும் அவர் கையைத் தாண்டித்தான் போகும்; எல்லா முகமும் ஒரே முகமாக இருப்பது அவரால்தான்.

ஜூலையில் படம் வெளியீடு. தியேட்டர்கள் பதிவாகிவிட்டன. ரயில் நிலையங்களில் போஸ்டர். அதில் சிறுமியின் முதுகு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அவள் எந்தப் பக்கம் போவாள் என்று விளம்பரக்காரர்களுக்கும் தெரியாது.

4

இந்தக் கட்டத்தில் ஒரு வில்லன் வேண்டும் என்று பழைய பிரதியில் ஒருவரைச் செய்தேன். சுருட்டு, கறுப்புக் கண்ணாடி. வெட்கமாக இருந்தது, தூக்கிவிட்டேன். நிஜமாக வந்தவர் சுகாயா. படத்துக்குப் பணம் போட்ட நிறுவனங்களின் சார்பில் பேசுகிற தொலைக்காட்சிக்காரர். அதிகம் குனிந்து வணங்குவார், குரலை உயர்த்த மாட்டார், அதனால்தான் பயம்.

கூட்ட அறையில் அவர் ஹிபினோவுக்குத் தானே பார்லி தேநீர் ஊற்றினார்.

“உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியாம இல்ல, ஹிபினோ-சான்.”

“ரொம்ப மன்னிக்கணும்.”

“குருசு-சான் மாதிரி இன்னொருத்தர் வருவாரா. அவர் உடம்பு நல்லா இருக்கா?”

“நல்லா இருக்கார்.”

சுகாயா கோப்பையைக் கொஞ்சம் திருப்பிவைத்தார். “நல்லா இல்லைன்னா, நாங்க எல்லாருமே புரிஞ்சுப்போம். அவர் ஓய்வு எடுக்கலாம். கடைசி அஞ்சு நிமிஷத்தை உங்க உதவி இயக்குநர் வரைஞ்சுடுவார். பேர் அவர் பேராவே இருக்கும். பொண்ணு படகுல ஏறிடட்டும், அப்பாவைப் பார்க்கட்டும். ஜனங்க அழுதுட்டுப் போவாங்க.”

ஹிபினோ தேநீரைத் தொடவில்லை. இந்த மனிதர் கெட்டவர் இல்லை, இதற்குமுன் இரண்டுமுறை ஹிபினோவுக்காகத் தேதியைத் தள்ளி வாங்கிக் கொடுத்தவர். மூன்றாவதுமுறை தள்ளினால் சுகாயாவின் நாற்காலி போகும், பிறகு ஸ்டூடியோ போகும். இது ஹிபினோவுக்குத் தெரியும் என்பது சுகாயாவுக்கும் தெரியும்.

“எப்ப வரைக்கும்?” என்றார் ஹிபினோ.

“வெள்ளிக்கிழமை காலையில நாங்க ஒருத்தரை அனுப்பறோம். கடைசிக் காட்சி வண்ணத்துக்குப் போயிருந்தா சந்தோஷம். போகலைன்னா, குருசு-சானுக்கு நல்ல ஆஸ்பத்திரியா பார்த்து வைக்கறோம்.” எழுந்து, மேசையில் நெற்றி படுமளவு வணங்கினார். “தயவு பண்ணுங்க.”

அன்று செவ்வாய்.

5

[இங்கே ஹிபினோவின் கணவரைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. பிரிந்தவர், நல்லவர், நாகோயாவில் இருக்கிறார். கதைக்கு வேலையில்லை. அனுப்பிவிட்டேன்.]

புதன் காலை ஹிபினோ சாண்ட்விச்சோடு அறைக்கு வந்தார். எல்லோரும் குச்சியைப் பிடித்து ஒரு கையால் தின்றுகொண்டே மறு கையால் வரைந்தார்கள். நிஷிவாகி மட்டும் இடது கையால் எடுத்தார். வலது கை மேசைமேல் சும்மா கிடந்தது. விரல்களைச் சுற்றி மருந்துப் பட்டை.

ஹிபினோ அருகில் குந்தினார். “கை என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல, மரத்துப் போகுது. காலையில கொஞ்ச நேரம் பென்சிலைப் பிடிச்சா சரியாயிடும்.”

“எத்தனை நாளா?”

“இந்தப் பொண்ணு காலைத் தூக்கினதுலேருந்து.” நிஷிவாகி சிரிக்கப் பார்த்தார். “அவ கீழ வச்சா என் கையும் சரியாயிடும்னு நினைக்கிறேன்.”

“டாக்டர்கிட்ட போனீங்களா?”

“போனேன். நிறுத்துன்னாரு. டைரக்டர் சொன்னாத்தான் நிறுத்துவேன்னேன். அவருக்கு விளங்கல, உங்க டைரக்டர் எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டாரு.”

ஹிபினோ சிரிக்கவில்லை. அந்தப் பட்டை சுற்றிய விரல்களைப் பார்த்தபோது அவருக்குக் குருசுமேல் இத்தனை வருடத்தில் வராத கோபம் வந்தது. கூடவே தன்மேலும். ‘நீங்க சொல்ற வரைக்கும்’ என்று ஹிபினோ கொடுத்த வாக்கை இந்த அறையில் உள்ள கைகள் எல்லாம் சேர்ந்து காப்பாற்றிக்கொண்டிருந்தன.

சிறுமியின் தூக்கிய கால் நிஷிவாகியின் மேசையில் இருந்தது. ஹிபினோ காகிதங்களை விரலிடுக்கில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். கால் எழுந்தது. தண்ணீர் அசைந்தது. பாவாடை ஓரம் காற்றில் திரும்பியது. நின்றது. அவர் இன்னொருமுறை புரட்டினார். இவ்வளவு போதும் என்று தோன்றியது. வேறு யாரும் வரைய வேண்டாம், குருசுவின் கோடே இருக்கட்டும், படம் இங்கேயே நிற்கட்டும். அவள் ஏறினாளா என்று ஜனங்கள் ரயிலில் போகும்போது சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

வழி கிடைத்துவிட்டது. அதைச் சொல்ல வேண்டிய ஒரே வார்த்தைதான் அவரிடம் இல்லை.

6

மொட்டை மாடிப் பேச்சு. இதை நான் கேட்கவில்லை. மாடிக் கதவுக்கு உள்ளே நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உதடுகள் அசைந்தன, ஹிபினோவின் தோள் ஒருமுறை குலுங்கியது. மற்றதை நான் வரைந்தேன். இரண்டு பிரதான படங்களுக்கு நடுவிலுள்ள படங்களை நிரப்புவதுதான் எங்கள் தொழில், இதற்கு மட்டும் என்ன.

குருசு தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து நின்றார். கீழே ரயில் போயிற்று.

“சுகாயா என்ன சொன்னான்?”

“உங்க உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டார்.”

“ஓ. அவ்வளவு தூரம் வந்துட்டாங்களா.”

“வெள்ளிக்கிழமை காலையில வருவாங்க.” ஹிபினோ கம்பியைப் பிடித்துக்கொண்டார். “குருசு-சான், கால் தூக்கினதோட நிக்கட்டும். நான் புரட்டிப் பார்த்தேன். எனக்கு மூச்சு நின்னுச்சு.”

“அது முடிவு இல்ல. முடிவு தெரியாம நான் கைவிட்ட இடம்.”

“பார்க்கறவங்களுக்கு அது தெரியாது.”

“எனக்குத் தெரியுமே. இந்தப் பொண்ணை அஞ்சு வருஷமா அங்க நிக்க வச்சிருக்கேன். அவ அப்பன் வேணும்னு போறாளா, வேணாம்னு திரும்பறாளா, அதுகூடத் தெரியாத பய படம் எடுக்க வந்துட்டான்னு எனக்குத் தெரியும்.” அவர் தொட்டியிலிருந்து நிமிர்ந்தார். “இன்னும் ரெண்டு வாரம் கொடு.”

“நிஷிவாகி-சான் கைய பார்த்தீங்களா?”

அவர் பார்த்திருந்தார். பார்த்துவிட்டுத்தான் வரைந்துகொண்டிருந்தார். ஹிபினோவின் தோள் குலுங்கியது அப்போதாக இருக்கும்.

“அப்ப சொல்லேன்,” என்றார் குருசு. மெதுவாகத்தான் சொன்னார். “வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்லு, ஹிபினோ. நான் பென்சிலை வச்சிடறேன். ஆனா ஒண்ணு, அதுக்கப்புறம் நீயும் வண்டி எடுத்துட்டு வந்த மத்தவங்க மாதிரிதான்.”

ஹிபினோ நின்றார். அடுத்த ரயில் வந்து போயிற்று. அவர் அந்த வார்த்தையைச் சொல்லாமலே கீழே இறங்கி, என்னைத் தாண்டி, வெளியே போனார். கதவருகே நின்ற என்னைப் பார்க்கக்கூட இல்லை.

7

வியாழன் பிற்பகல். பெட்டி.

நீங்கள் முதலிலேயே பார்த்த இடத்துக்கு வந்துவிட்டோம். பாகு வழிகிற தங்கோ, நின்றுபோன பென்சில்கள். எங்களில் ஒருவர் ஈரத் துணிக்கு எழுந்தார். ஹிபினோ-சானுக்குத் தலை சுற்றிவிட்டது, பாவம், கடையில் பெட்டி மாறிவிட்டது என்றெல்லாம் நினைத்தோம்.

முதலில் புரிந்துகொண்டவர் நிஷிவாகி. அவர் பெட்டியைப் பார்த்தார், ஹிபினோவைப் பார்த்தார். பிறகு பென்சிலை வைத்துவிட்டு, பட்டை சுற்றிய வலது கையை நீட்டி ஒரு குச்சியை எடுத்தார். குச்சியைப் பிடிக்க முடியவில்லை. உருண்டையையே விரலால் பிடித்தார். பாகு பட்டையில் ஊறி இறங்கியது. கடித்தார்.

“நல்லா இருக்கு,” என்றார். வாய் நிறைய மாவோடு அழுதுகொண்டிருந்தார்.

அந்தக் கையால் இனி ஒரு காகிதத்தையும் தொட முடியாது. அறையில் எல்லோருக்கும் அப்போது விளங்கியது. விளங்கியதும் ஒரு பயம் வந்தது எனக்கு. வேலைநிறுத்தம்போல் யாரும் கத்தவில்லை, ஒருவர் பின் ஒருவராக எழுந்து வந்தார்கள், எடுத்தார்கள், விரலெல்லாம் பூசிக்கொண்டு தின்றார்கள். நானும் எடுத்தேன். வண்ணம் போடும் கணினியின் கீபோர்டை இனி தொட முடியாது என்று தெரிந்துதான் எடுத்தேன். இனிப்பும் உப்புமாக நாக்கில் நின்றது.

குருசு தன் மேசையிலிருந்து எழவில்லை. எங்கள் தாடைகள் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாயால சொல்லல,” என்றார் ஹிபினோவிடம். “பெட்டியில வாங்கிட்டு வந்துட்டே.”

“உங்களுக்கும் ஒண்ணு இருக்கு.”

ஒன்றுதான் இருந்தது. பாகில் ஒட்டிக்கொண்டு பெட்டி மூலையில். குருசுவின் கையில் பென்சில் இருந்தது. ஹிபினோவின் கை சுத்தமாக இருந்தது. அவரும் இன்னும் தின்னவில்லை.

நாங்கள் எல்லோரும் கை கழுவப் போனோம். சொல்லிவைத்தாற்போல், ஒரே கூட்டமாக, நடைக் கடைசியிலுள்ள குழாய்க்கு. அந்த இருவரையும் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கும் மனம் வரவில்லை. வரிசையில் நின்றோம். பாகு சீக்கிரம் போவதில்லை.

8

முடிவு அ. குருசு பென்சிலை வைக்கிறார். பெட்டியருகே வந்து கடைசிக் குச்சியை எடுக்கிறார். “முடிஞ்சது,” என்கிறார். வாக்கு உடையவில்லை. இருவரும் இன்னும் வாசற்படியில் சாண்ட்விச் தின்ற அதே இருவர்தான். எனக்கு இந்த முடிவு பிடித்திருக்கிறது, அதனால்தான் நம்ப பயமாக இருக்கிறது.

முடிவு ஆ. குருசு எழவில்லை. ஹிபினோ கடைசிக் குச்சியைத் தானே எடுத்துத் தின்கிறார், நிதானமாக, குருசுவின் கண்ணைப் பார்த்துக்கொண்டு. பிறகு அந்த ஒட்டும் கையாலேயே அவர் மேசையிலிருந்த காகிதங்களை அள்ளி உறையில் போடுகிறார். அந்த வார்த்தையைச் சொல்கிறார். சொன்னபோது அவர் இருபத்து நான்கு வயதில் வாங்கிக்கொண்டது எதுவோ அது போய்விடுகிறது. இது பிடிக்கவில்லை, ஆனால் வாக்கியங்கள் தாமாக வருகின்றன.

முடிவு இ. குருசு பெட்டியைத் தூக்கிச் சுவரில்— இல்லை. இது சினிமா.

நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். திரும்பி வந்தபோது பெட்டி காலி. குச்சிகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. குருசு ஜன்னலோரம், கைகள் காற்சட்டைப் பையில். ஹிபினோ நாற்காலியில், கைகள் மேசைக்கு அடியில். என் மேசையில், கீபோர்டின்மேல், கடைசிக் காட்சியின் உறை இருந்தது. அதன் மூலையில் பாகு பட்ட ஒரு விரல் தடம், ஈரம் காயாமல்.

யாருடைய விரல் என்று விளக்கில் பிடித்துப் பார்த்தேன். விரல் தடத்தைப் படிக்க நான் போலீஸ்காரி இல்லை. உட்கார்ந்து அந்தக் காலுக்கு வண்ணம் கொடுக்க ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை சுகாயாவின் ஆள் வந்தபோது தண்ணீரின் கறுப்புக்குக் கடைசிப் பச்சையைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். அவர் பார்த்து, வணங்கி, போனார்.

9

படத்தின் முதல் பிரதியைத் திரையில் போட்டுக் காட்டியபோது நாங்கள் எல்லோரும் வழக்கப்படி கடைசிப் பெயர் ஓடும்வரை எழாமல் இருந்தோம். வெளியே வரும்போது தயாரிப்பாளரும் இயக்குநரும் கதவின் இரு பக்கமும் நின்று, போகிற ஒவ்வொருவருக்கும் குனிந்து வணங்க வேண்டும். நின்றார்கள். வணங்கினார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்த வாசல் குறுகலானது. ஆள் போய்க்கொண்டே இருந்தால் பார்க்கவும் முடியாது.

அதற்குப்பின் இருவரும் சேர்ந்து படம் எடுக்கவில்லை. எடுக்கமாட்டார்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. அடுத்த படத்துக்கு ஸ்டோரிபோர்டு வந்ததா என்று கேட்டால் ஹிபினோ “அவரைக் கேளு” என்பார், குருசு “அவளைக் கேளு” என்பார். நிஷிவாகி இடது கையால் வரையப் பழகுகிறார். முகங்கள் கொஞ்சம் வேறு மாதிரி வருகின்றன, யாருக்கும் புகார் இல்லை.

போன மாதம் ஒரு மதியம், நிலையத்துக்கு எதிரே உள்ள சோபா நூடுல்ஸ் கடையில் ஹிபினோவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன்.

“ஹிபினோ-சான், அந்தக் கடைசிக் குச்சியை யார் தின்னது?”

அவர் நூடுல்ஸைச் சத்தமாக உறிஞ்சி விழுங்கினார். வாயைத் துடைத்தார். என்னை நன்றாகப் பார்த்தார்.

“நீ இதை எழுதறேன்னு கேள்விப்பட்டேன், மதி-சான்.”

“ஆமா.”

“அப்ப என்னைக் கேட்காத. நான் சொன்னா நீ அதை அப்படியே போட்டுடுவ. அப்புறம் அதுல நான் நிப்பேன், கதை நிக்காது.” எழுந்து இருவருக்கும் சேர்த்துப் பணம் வைத்தார். “எது சரின்னு தோணுதோ, எழுது. ஆனா எழுதிட்டா எழுதினதுதான்.”

போய்விட்டார்.

குருசுவுக்கு முடிவு தெரியவில்லை, அதை ஹிபினோவிடம் தள்ளினார். ஹிபினோ அதை என்னிடம் தள்ளிவிட்டார். நான் என்ன அவர்களைவிட உசத்தியா. பல பிரதிகள் எழுதிப் பார்த்துவிட்டேன். அ எழுதினால் நிஷிவாகியின் கை கண்ணில் வருகிறது, இவ்வளவு சுலபமாகவா விட்டுக்கொடுத்தார் அந்த மனிதர் என்று. ஆ எழுதினால் சாண்ட்விச்சின் பாதி வருகிறது.

ஆகவே உங்களுக்கு. மேசை நடுவே பெட்டி திறந்திருக்கிறது. மூலையில் ஒரு குச்சி. ஒரு பக்கம் பென்சில் பிடித்த கை, ஒரு பக்கம் சுத்தமான கை. நாங்கள் எல்லோரும் குழாயடியில் இருக்கிறோம், திரும்பிப் பார்க்க மாட்டோம். எடுங்கள், யார் கையில் வேண்டுமோ கொடுங்கள். பாகு உங்கள் விரலிலும் ஒட்டும். அதன்பிறகு நீங்களும் எதையும் திருத்த முடியாது.